நம் மொழியிலும் ஓர் இணைய அறை வேண்டும்

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் 19 பேர் இருக்கிறோம். சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், ஒருநாள் காலையில் அதில் வரிசையாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. “அண்ணி, அண்ணே மருந்து சாப்பிட்டாங்களா?” என்று அம்மா கேட்டார். “ராத்திரி ஒழுங்கா தூங்கினாரா?” என்று சித்தி கேட்டார். “தேக்காவுக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. கூட்டத்துல காணாமப் போயிடுவாரு” என்று இன்னோர் உறவினர் எழுதினார். அத்தை ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்.”

அன்று மாலைவரை யாரும் எதுவும் எழுதவில்லை.

என் தாய்மாமாவுக்கு இப்போது 55 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மின்தூக்கிப் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் உறுதிசெய்தபோது அவருக்கு வயது 53. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவரோடு பேசுவதுதான் குறைந்துவிட்டது. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுது. என் பேரை மட்டும் போடாத” என்றார்.

நான் சொல்ல வருவது இதுதான். இளம் வயதில் டிமென்ஷியா வந்தவர்களுக்கு, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களோடு மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். எண்ணிக்கையில் குறைந்த நம்மைப் போன்ற சமூகத்துக்கு அந்த இடம் இணையத்தில்தான் அமைய முடியும். அது தமிழிலும் அமைய வேண்டும். அதற்குக் கைகொடுக்க மாணவர்களாகிய நம்மால் முடியும்.

பெயரே பொருந்தவில்லை

டிமென்ஷியாவைத் தமிழில் நாம் பெரும்பாலும் ‘முதுமை மறதி நோய்’ என்கிறோம். மாமாவுக்கு இந்தப் பெயரின் முதல் பாதியே பொருந்தவில்லை. அறிகுறிகள் 65 வயதுக்கு முன்பே தொடங்கினால் அதை இளம் வயது டிமென்ஷியா என்று மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். உலகில் டிமென்ஷியாவோடு வாழ்பவர்களில் 9 விழுக்காடு வரை இத்தகையவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இது புதிய செய்தியும் அல்ல. அல்சைமர் நோய்க்குப் பெயர் வந்ததே இப்படி ஒருவரால்தான். 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே டேட்டர் என்ற பெண்ணை மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 51. அவர் 1906ல் இறந்த பிறகு அவரது மூளையை ஆராய்ந்து அல்சைமர் சொன்னவைதான் இன்று நாம் அறிந்திருக்கும் அல்சைமர் நோய்க்கு அடித்தளம். நோயின் வரலாறே நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம் தொடங்கியிருக்க, நாம் மட்டும் அதைத் தாத்தா பாட்டிகளின் பிரச்சினையாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

பெயரின் இரண்டாவது பாதியும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. சிலருக்கு நினைவாற்றல் தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும். பேச்சோ நடத்தையோ பார்வையோ முதலில் மாறும். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிசுக்கு முதலில் பேச்சில் சிக்கல் இருப்பதாக 2022ல் அறிவிக்கப்பட்டது. மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் டிமென்ஷியா அவருக்கு இருப்பதாக அடுத்த ஆண்டு குடும்பத்தினர் தெரிவித்தனர். ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் 2007ல் தம் 59 வயதில் தமக்கிருந்த அரிய வகையைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அந்த வகையில் கண் நன்றாக இருக்கும். கண் பார்ப்பதை மூளையால்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

மாமாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. அவர் எதையும் மறக்கவில்லை. ஆனால், பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய மின்கம்பி வரைபடம் ஒருநாள் அவருக்குப் புரியவில்லை. கோடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியதுபோல் தெரிந்ததாம். சக ஊழியர்களில் சிலர் அவர் குடித்துவிட்டு வேலைக்கு வருவதாக நினைத்தார்கள். முதலில் பார்த்த மருத்துவர் வேலைப் பளு என்றார். அடுத்து மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தார்கள். சரியான விடை கிடைக்க ஓராண்டுக்கும் மேலானது. மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவையும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டலாம் என்பதால் மருத்துவர்கள் அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், 50 வயதில் டிமென்ஷியா வரலாம் என்ற எண்ணமே எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவரைக் கூடுதலாகக் காக்கவைத்தது எங்களுடைய அந்த அறியாமையும்தான்.

கணக்கிலும் இல்லை, நிலையத்திலும் இடமில்லை

சிங்கப்பூரில் டிமென்ஷியா பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் புள்ளிவிவரம் மனநலக் கழகத்தின் ஆய்விலிருந்து வருகிறது. 2013ல் மூத்தோரில் பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா இருந்தது. 2023ல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால், அந்த ஆய்வு 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றியது. மாமா அந்தக் கணக்கில் வரமாட்டார்.

கணக்கில் வராதவருக்குக் கவலைகள் மட்டும் கூடுதல். 80 வயதில் டிமென்ஷியா வருபவருக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், வீட்டுக் கடன் தீர்ந்திருக்கும். மாமாவுக்கு வீவக வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். மகள் உயர்நிலை மூன்றில் இருக்கிறாள். வேலை போனதும் வருமானம் நின்றது. அத்தை பகுதிநேர வேலையை முழுநேரமாக மாற்றிக்கொண்டார். பகலில் வீட்டில் தனியாக இருப்பது மாமாதான்.

அதனால் அவரை ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். அங்குள்ள ஊழியர்கள் அன்பானவர்கள். ஆனால், வருபவர்களில் பெரும்பாலோர் 80 வயதை ஒட்டியவர்கள். முதல் நாளே ஒரு பாட்டி அவரைத் தொண்டூழியர் என்று நினைத்து, சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னாராம். மாமாவும் தள்ளினார். ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு அவர் அங்கே போக மறுத்துவிட்டார். நிலையத்தின்மீது எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. அது அவருக்காக அமைக்கப்பட்ட இடம் அல்ல, அவ்வளவுதான்.

கதவை மூடிவிட்டு வெளியே வந்தேன்

இந்த நிலையில்தான், எங்களுக்கு உதவிய சமூக ஊழியர் ஒருவர் இணையம்வழி நடக்கும் ஓர் ஆதரவுக் குழுவைப் பற்றிச் சொன்னார். டிமென்ஷியா உள்ளவர்கள் மட்டுமே கலந்துகொள்ளும் குழு அது. குடும்பத்தினர் கணினியை இயக்கிக் கொடுக்கலாம். பிறகு அறையைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

நான் கணினியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மடிக்கணினியை வைத்து, ஒலிவாங்கியைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் தயார்செய்து கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், வெளியே போகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு ஏதாவது புரியாவிட்டால் யார் விளக்குவது என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு வாரம் உள்ளே மாமாவின் குரலே கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் சத்தமாகச் சிரித்தது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பிறகு அவரே சொன்னார். வேலையில் தன் தடுமாற்றம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்ய வேண்டிய வேலைகளைக் கருவிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் மாமா எழுதி வைத்துக்கொள்வாராம். வேறொரு நாட்டைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் தாமும் வண்டியின் வெயில் மறைப்புக்குப் பின்னால் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்ததாகச் சொன்னாராம். இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். மாமா இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்போம், இல்லாவிட்டால் அறிவுரை சொல்லியிருப்போம். அந்த ஓட்டுநரால் மட்டும்தான் சிரிக்க முடிந்தது.

ஒரே நிலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தரும் ஆதரவு என்பது இதுதான். அவர்கள் அங்கே ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வராமலிருக்க, அணைத்ததும் திறன்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது போன்ற உத்திகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, பழைய நண்பர்கள் விலகிப்போனால் என்ன செய்வது என்றெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் மாமா எப்போதும் உதவி பெறுபவர். அங்கே அவர் உதவி தருபவராகவும் இருக்கிறார்.

உலக அளவில் இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் கேட் சுவாஃபர். 2008ல் அவருக்கு இளம் வயது டிமென்ஷியா உறுதியானபோது அவருக்கு வயது 49. வேலை பார்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டு, பதின்ம வயது மகன்கள் இருவரையும் வளர்த்துக்கொண்டிருந்தார். வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு மிச்சமுள்ள நாள்களை வீட்டில் கழிக்கும்படி அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. அவர் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் உடற்குறை ஆதரவுப் பிரிவின் துணையோடு படிப்பைத் தொடர்ந்து முடித்தார். பின்னர் 2014ல், டிமென்ஷியா உள்ளவர்கள் மட்டுமே உறுப்பினராகக்கூடிய டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அவர்கள் இணையக் காணொளிச் சந்திப்பு வழியாகவே நாடு கடந்து கூடுகிறார்கள். கொவிட் காலத்தில் நாம் எல்லாரும் வீட்டிலிருந்தே படிக்கப் பழகினோமே, அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் அதைப் பழகிவிட்டார்கள்.

ஏன் தமிழில்?

சிங்கப்பூரில் எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1990ல் அல்சைமர் நோய்ச் சங்கமாகத் தொடங்கி 2021ல் பெயர் மாற்றிக்கொண்ட டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு, டிமென்ஷியா உள்ளவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எடுத்துச் சொல்ல ‘வாய்ஸஸ் ஃபார் ஹோப்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆனால், மாமாவின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ற ஒரு தமிழ்க் குழுவை நாங்கள் தேடியபோது கிடைக்கவில்லை.

மாமாவுக்கு ஆங்கிலம் தெரியும். வேலையிடத்தில் முழுக்க ஆங்கிலம்தான். ஆனால், அது அவருக்கு வேலை மொழி. இப்போது அந்த மொழியில் வாக்கியத்தைக் கோக்க அவருக்கு நேரம் எடுக்கிறது. அவர் முடிப்பதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் “ஐ ஆம் ஓகே” என்று முடித்துக்கொள்கிறார். அதே மாமா, உணவங்காடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் தமிழில் சொன்னார்: “நல்லாதான் ஓடிக்கிட்டு இருக்கும்மா. திடீர்னு யாரோ மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்ட மாதிரி ஆயிடுது. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. வெளியில இருக்கவங்க கத்துறது கேக்குது. கதவுதான் தொறக்க மாட்டேங்குது.” அந்த ஆங்கிலக் குழுவில் அவர் இதைச் சொன்னதே இல்லை.

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். அவர்களில் இளம் வயது டிமென்ஷியா உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒரு சமூக மன்ற அறையை நிரப்பக்கூட ஆள் சேராது. இணையத்தில் அந்தத் தடை இல்லை. ஜோகூரிலும் பினாங்கிலும் இருப்பவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். சென்னையும் யாழ்ப்பாணமும் இரண்டரை மணி நேரம்தான் பின்னால். நமக்கு மாலை 5 மணி என்றால் அங்கே பிற்பகல் 2.30. ஒரே மொழியில், ஒரே நேரத்தில், ஆறு பேர் உட்கார்ந்து பேச இது போதும்.

எதிர்ப்புக் குரல்களும் நியாயமானவை

இதை வீட்டில் சொன்னபோது முதலில் எதிர்த்தவர் அத்தை. “தமிழ் ஆளுங்கன்னா யாராவது ஒருத்தருக்கு நம்மளத் தெரிஞ்சிருக்கும். நாளைக்குப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இத ஒரு குறையா சொல்லுவாங்க” என்றார். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். டிமென்ஷியாவில் சில வகைகள் பரம்பரையாக வருகின்றன. பெரும்பாலானவை அப்படி நேரடியாகப் பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. ஆனால், ஊர்ப் பேச்சு இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அதனால் குழுவில் முழுப்பெயர் தேவையில்லை, முகத்தைக் காட்டக் கட்டாயமில்லை, பதிவுசெய்யவே கூடாது என்ற விதிகள் வேண்டும். ஊர் கடந்த குழுவாக இருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

இரண்டாவது பயம், மோசடி. டிமென்ஷியாவை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படியிருந்தும் “மூன்றே மாதத்தில் குணம்” என்று எண்ணெயும் மாத்திரையும் விற்பவர்கள் இணையத்தில் ஏராளம். முடிவெடுக்கும் திறன் தடுமாறும் ஒருவரை ஏமாற்றுவது எளிது. எனவே இதை யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய திறந்த குழுவாக நடத்தக் கூடாது. பொறுப்புள்ள அமைப்பு ஒன்றின்கீழ், பயிற்சிபெற்ற ஒருவர் பக்கத்துணையாக இருக்க நடத்த வேண்டும்.

மூன்றாவது, மனவேதனை. மாமாவின் குழுவில் ஒருவர் படிப்படியாகப் பேச்சு குறைந்து ஒருநாள் வருவதையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு இரண்டு வாரம் மாமா மடிக்கணினி பக்கமே போகவில்லை. தன் நாளையைத் திரையில் பார்த்துவிட்ட பயம் அது. இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. மூன்றாவது வாரம் அவரே “கம்ப்யூட்டரப் போடு” என்றார். அன்று அந்த நண்பரைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்களாம். தனியாக அந்தப் பயத்தோடு இருப்பதைவிடச் சேர்ந்து பேசுவது மேல் என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையது.

இந்தக் குழு மருத்துவருக்கு மாற்றாகாது. வீட்டுக் கடனையும் அடைக்காது. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் வேறு ஆதரவு தனியாக வேண்டும். இது ஒரு பகுதிதான். ஆனால், இப்போது இல்லாத பகுதி.

நாம் என்ன செய்யலாம்?

தொடக்கத்தில் நானும் கணினியியல் மாணவிக்கே உரிய உற்சாகத்தில் மாமாவுக்கென்று ஒரு செயலி உருவாக்குவதாகச் சொன்னேன். “ஆப் எல்லாம் வேணாம்மா. பேச ஆள் வேணும்” என்றார்.

ஆகவே நான் கேட்பவை சிறியவை. முதலாவது, தொழில்நுட்ப உதவி. திரையில் பன்னிரண்டு முகங்கள் இடம் மாறி மாறித் தெரிந்தால் மாமாவுக்குத் தலை சுற்றுகிறது. ஆறு பேருக்கு மிகாத குழு, ஒவ்வொரு வாரமும் மாறாத ஒரே இணைப்பு, தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பு ஒரு நினைவூட்டல், பேச விரும்பினால் உயர்த்திக் காட்ட ஒரு வண்ண அட்டை. இவற்றை அமைக்கப் பட்டம் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவரே ஒரு பிற்பகலில் செய்து கொடுக்கலாம். செய்து முடித்ததும் கதவை மூடிவிட்டு வெளியே வரவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.

இரண்டாவது, தாதிமை, உளவியல், சமூகப் பணி படிக்கும் தமிழ் மாணவர்கள், ஏற்கெனவே இத்துறையில் இயங்கும் அமைப்புகளிடம் சென்று தொண்டூழியத்துக்குப் பதிவுசெய்துகொள்ளலாம். தமிழ் பேசத் தெரிந்த தொண்டூழியர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் தமிழ்க் குழு தொடங்கும் யோசனை அவர்களுக்கும் வரும். பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முதியோர் இல்லத்துக்குச் செல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நம் பேச்சு. 50 வயதுக்காரரைக் குறிப்பிடும்போது ‘முதுமை மறதி’ என்ற சொல்லைத் தவிர்ப்போம். டிமென்ஷியா என்றே சொல்வோம். ஜப்பானியர்கள் அவமதிப்பாக ஒலித்த பழைய பெயரை 2004ல் மாற்றிக்கொண்டார்கள். நாமும் நல்ல சொல் ஒன்றைத் தேடலாம். தேடும்போது அதோடு வாழ்பவர்களையும் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாரோ ஒருவரின் அப்பாவோ அம்மாவோ இதே நிலையில் இருக்கலாம். என் மாமா மகள் பள்ளியில் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், “அது பாட்டிகளுக்கு வர்றதுதானே?” என்று கேட்பார்கள் என்கிறாள். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கக்கூடும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரு மாற்றம். மாமாவைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவரையே கேட்கிறோம். பதில் வரச் சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகிறது. சில நேரம் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது. காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் அப்படி ஒரு குழு தொடங்கினால் சேர்வீர்களா என்று சென்ற வாரம் அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “இன்னும் அஞ்சு பேரத் தேடு” என்றார்.